ஓலையும் ஒப்பமும்

திருமணம் நிச்சயமானதும் நம் மாவட்டத்துக் குடும்பத்தார் முதலில் ஓடுவது கல்யாண மண்டபத்துக்கு, அடுத்து நகைக்கடைக்கு, அதன்பின் ஜவுளிக் கடைக்கும் வீடியோக்காரரிடமும். எல்லாம் முடிந்து, அழைப்பிதழும் அச்சாகி வந்த பிறகே பங்கு அலுவலகத்தின் படி ஏறுகிறார்கள். வந்தவர்கள் அழைப்பிதழை நீட்டி, நாள் குறித்தாயிற்று என்று அறிவிக்கிறார்கள். திருமுழுக்குச் சான்று எங்கே என்று கேட்டால், எழுதிக் கேட்டிருக்கிறோம் என்று பதில் வரும். வயதுச் சான்றும் மணமாகாமைச் சான்றும் கேட்டால், மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்ததும் தருவார் என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதற்கான தாள்களைப் பற்றி வாயெடுத்தால் போதும், "அது பெறவு பாத்துக்கிடலாம், ஃபாதர்" என்று ஒரே குரலில் சொல்லி விடுவார்கள். இந்தப் 'பெறவு' என்னும் சொல்லின்மீதுதான் நாம் இங்கே வழக்குத் தொடுக்கிறோம்.

அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பக்தி வாதமும் நிற்கிறது. கடவுள் இணைத்ததற்குக் காகிதம் ஒரு சாட்சியா, பீடத்தின் முன் கொடுத்த வாக்குறுதியைவிடச் சர்க்கார் முத்திரை பெரிதா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் திருச்சபையின் வரலாற்றைச் சிறிது புரட்டினாலும் இந்த வாதம் நில்லாது. திருமணத்திற்குச் சாட்சியும் ஏடும் வேண்டுமென்று வற்புறுத்தியதில் நம் திருச்சபை இந்நாட்டு அரசுக்கு மிகவும் மூத்தது.

இலத்தீன் திருச்சபையின் பழைய போதனைப்படி திருமணத்தை உண்டாக்குவது தாலியன்று, விருந்தன்று, மணமக்களின் சம்மதமே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. இந்த உயர்ந்த போதனைக்கு இடைக்காலத்தில் ஒரு கொடிய நிழல் இருந்தது. சம்மதமே போதும் என்றால், யாரும் அறியாத தோட்டத்தில், யாரும் காணாத இரவில் ஒருவன் ஒருத்திக்குக் கொடுத்த வாக்கும் திருமணம்தானே? அடுத்த ஆண்டு அவன் வேறொருத்தியை ஊரறிய மணந்துகொண்டு, முன்னவளைக் கண்டதே இல்லை என்றால் அவள் என்ன செய்வாள்? கடவுளின் முன் அவளே மனைவி. ஊரின் முன் அவள் யாருமில்லை. மறைவுத் திருமணங்கள் என்று அக்காலச் சங்கங்கள் பெயரிட்டு அஞ்சியது இதைத்தான். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் திருமணத்தை முன்னதாகக் கோவிலில் அறிவிக்க வேண்டுமென்றது. அதுவும் போதாமல், 1563-இல் திரிதெந்தின் சங்கம் 'தாமெத்சி' என்னும் ஆணையை வெளியிட்டது. பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது, பங்குக் குரு ஏடொன்று வைத்து மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் எழுதிக் காக்க வேண்டும் என்று அது விதித்தது. 1907-இல் வெளியான 'நே தெமேரே' ஆணை இம்முறையை ஏறத்தாழ உலகளாவியதாக்கியது.

ஆகவே ஏட்டையும் சாட்சியையும் தொல்லை என்பவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அந்த ஏடு, கைவிடப்பட்ட பெண்களின் கண்ணீரைக் கண்டு திருச்சபை திறந்த ஏடு. பக்திக்குப் போட்டியாக யாரும் அதை வைக்கவில்லை. பக்தியின் பெயரால் ஏமாற்றியவனைப் பிடிக்கவே வைத்தார்கள்.

இனி ஓலைக்கு வருவோம். திருமண அறிவிப்புக்கு நம் பனைநாடு இட்ட பெயர் எத்துணை அழகானது! ஆனால் அந்த ஓலையை இன்று நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஞாயிறு திருப்பலியின் முடிவில், அன்பியக் கூட்டத்துக்கும் மணற்கொள்ளை எதிர்ப்புக் கூட்டத்துக்கும் இடையில், மக்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில், ஒரே மூச்சில் வாசிக்கப்படுகிறது. 'இவர்களுள் யாருக்கேனும் திருமணத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்' என்ற இறுதி வாக்கியம் பலர் காதில் விழுவதே இல்லை. விழுந்தாலும் அது தமக்கன்று என்று எண்ணுகிறார்கள். சட்டத் தொகுப்பின் 1069-ஆம் எண் சொல்வது வேறு: தாம் அறிந்த தடைகளைத் திருமணத்திற்கு முன் தெரிவிக்க இறைமக்கள் அனைவரும் கடமைப்பட்டிருக்கிறார்கள். அனைவரும் என்று சட்டம் சொல்லும்போது அதில் பங்குப் பேரவைத் தலைவர் மட்டுமல்லர், மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரரும் அடங்குவார்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? மாப்பிள்ளைக்கு வேறொரு நாட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறதென்று அவனுடன் ஒரே அறையில் தங்கி வேலை செய்தவனுக்குத் தெரியும். பெண் அழுதுகொண்டே சம்மதித்தாள் என்பது அவளுடைய தோழிக்குத் தெரியும். மனநோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருத்துவம் நடப்பது அத்தைக்குத் தெரியும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபோதும் அத்தனை பேரும் கோவிலில்தான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் பெண் பெட்டியோடு தாய்வீடு வந்ததும், அத்தனை வாயும் திறக்கின்றன: "எங்களுக்கு அப்பவே தெரியும்." தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்தைக் கலைக்கக் கூடாது என்பது நல்ல மரபுதான். ஆனால் ஏமாற்று ஒன்று திருமணமாக உருவெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த மரபு? அச்சுறுத்தலாலும் வஞ்சகத்தாலும் பெற்ற சம்மதம் திருமணத்தைச் செல்லாததாக்கக்கூடும் என்று 1103, 1098 ஆகிய எண்கள் கூறுகின்றன. அதைத் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுவுவதைவிட, ஓலை வாசித்த வாரத்தில் ஒருவர் வந்து மறைவாக ஒரு வார்த்தை சொல்வது எளிது.

அரசுக்கும் ஓர் ஓலை உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணமுடிக்க விரும்புவோர் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் முப்பது நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்பட்டு முப்பது நாள் கழிய வேண்டும். திருமணத்தின்போது மூன்று சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். கோவிலில் கெடுபிடி அதிகம் என்று கோபித்துக்கொண்டு பதிவு அலுவலகம் செல்லும் இளைஞர்கள் அங்கே ஒரு சாட்சி கூடுதலாகவே தேடவேண்டியிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. இரண்டு அறிவிப்புகளும் கேட்கும் கேள்வி ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரில் ஒட்டிய தாளை மணமக்களின் நலம் நாடுபவர் படிப்பது அரிது. சாதியின் பெயரால், சமயத்தின் பெயரால் அவர்களைப் பிரிக்க அலைபவர்களே தேடிப் படிக்கிறார்கள். இக்காரணத்தால் அத்தாளை வெளியிடுவது கட்டாயமன்று, மணமக்கள் விரும்பினால் போதும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. நம் ஓலையோ நம்மை அறிந்தவர்கள் நடுவே வாசிக்கப்படுவது. அன்புள்ளோர் கேட்டால் அது காவல். வம்பர்கள் கேட்டால் அதுவும் அந்தச் சுவரொட்டியே.

நம் மண்ணின் சட்ட வரலாறு விசித்திரமானது. அதை நம் மக்களுள் பலர் அறியார். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-இல் பிறந்தது. ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியிருந்த பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று அதன் முதற்பிரிவிலேயே எழுதியிருந்தது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நம் நான்கு வட்டங்களும் அந்த நாளில் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. சட்டம் நம்மோடு வந்து இணையவில்லை. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவருக்கு ஒரு சட்டம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால் உள்ள கிறிஸ்தவருக்கு வழக்கமும் கோவில் ஏடும் மட்டுமே என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 'கோவிலில் முடிந்தால் போதும்' என்னும் மனப்பாங்கு இங்கு வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

திருவிதாங்கூர் நமக்கு விட்டுச்சென்ற இன்னொரு சொத்தும் உண்டு. 1916-இல், மலையாள ஆண்டு 1092-இல், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்குரியது எவ்வளவு? மகனுடைய பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோகூட அதுவும் கிடையாது. வாக்களித்தாலே போதும், கொடுக்க வேண்டியதுகூட இல்லை! மகளைச் சீதனத்தால் 'கணக்குத் தீர்த்து' அனுப்பும் பழக்கத்துக்கு அரசு முத்திரையே குத்தப்பட்டது. 1951 ஏப்ரல் 1 முதலே இச்சட்டம் செத்துவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமபங்காளிகள் என்று உச்சநீதிமன்றம் மேரி ராய் வழக்கில் 1986-இல் தீர்ப்புரைத்தது. நம் சென்னை உயர்நீதிமன்றம் எழுபதுகளிலேயே அவ்வாறு கூறியிருந்தது.

அந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நாம் தலைநிமிர்ந்து நினைக்கத்தக்க ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஆணும் பெண்ணும் சொத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய சில வட்டங்களில், இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கருள் சில பிரிவினருக்கும் புராட்டஸ்டண்டுச் சபையாருள் சிலருக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தா என்று அதிலே எழுதியிருந்தது. அதாவது, மகளுக்குச் சமபங்கு என்பது மேல்நாட்டு நாகரிகமோ நேற்றைய நீதிமன்றம் சுமத்தியதோ அன்று. திருவிதாங்கூர் மண்ணில் எளிய கத்தோலிக்க மக்களிடம் ஏற்கெனவே இருந்த வழக்கம். அரசர் காலத்துச் சட்டமே அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. அப்படியிருக்க, இன்று நாம் பவுன் கணக்கில் பேரம் பேசுவதை 'நம்ம ஊர் வழக்கம்' என்கிறோம்.

சீதனத்தைக் குறித்து மேடையில் பேசிக் களைத்தவர்களுள் நாமும் ஒருவர். இங்கே சட்டம் கேட்கும் ஒரு தாளைப் பற்றி மட்டும் பேசுவோம். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாக்கியிருக்கிறது. கேட்காமல் மனமுவந்து தரும் அன்பளிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு; அதுவும் ஒரு நிபந்தனையோடு. 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருள் இன்னது, தோராய மதிப்பு இவ்வளவு, தந்தவர் இன்னார், உறவு இன்னது என்று குறித்து, இருவரும் ஒப்பமிட வேண்டும். இது ஏதோ வழக்கறிஞரின் அறிவுரையன்று, நாட்டின் விதி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடப்பில் உள்ள விதி.

எத்தனை வீடுகளில் இந்தப் பட்டியல் இருக்கிறது? மொய் நோட்டு இல்லாத கல்யாணம் நாஞ்சில் நாட்டில் உண்டா? யார் நூறு வைத்தார், யார் ஆயிரம் வைத்தார் என்று பேரன் காலம்வரை காத்து வைக்கிறோம். பெண்ணின் கழுத்தில் போட்ட அறுபது பவுனுக்கு ஒரு துண்டுச் சீட்டில்லை. பட்டியல் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பெண்ணின் தந்தை அஞ்சுகிறார். முகம் சுளிப்பார்கள் என்பதுதான் பட்டியல் தேவை என்பதற்கான முதல் அடையாளம்! அந்த நகை ஆறே மாதத்தில் அடகுக் கடைக்குப் போய், அண்ணனின் விசாவுக்கும் தங்கையின் சீதனத்துக்கும் கரைந்தபின், 'உன் வீட்டில் போட்டதே இருபதுதான்' என்று ஒருவர் வாய்கூசாமல் சொல்லும்போது, பெண்ணிடம் காட்ட இருப்பது கல்யாண ஆல்பம் ஒன்றே. வரதட்சணையாக எதுவும் கைமாறியிருந்தால் அதை மூன்று மாதத்துக்குள் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. எழுதி வைக்காததை எதைக் காட்டிக் கேட்பது?

மணமக்கள் தயாரிப்பு வகுப்புகளில் இந்தப் பட்டியலைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதில் திருச்சபைக்கு என்ன தடை என்று நமக்கு விளங்கவில்லை. சீதனத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சில குருக்கள் அஞ்சுகிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம், எதிர்ப்போம். ஆனால் எதிர்க்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு, பீடத்தின்முன் நிற்கும் பெண்ணின் உடைமைக்குச் சாட்சியில்லாமல் விடுவது எதிர்ப்பு ஆகாது.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொதுச் சட்டத் தொகுப்பின் 1083-ஆம் எண், ஆணுக்குப் பதினாறு, பெண்ணுக்குப் பதினான்கு என்று உலகனைத்துக்குமான அடித்தளத்தைச் சொல்கிறது. சிலர் இதை எங்கோ படித்துவிட்டு, 'கோவில் சட்டத்தில் இடம் இருக்கிறதே' என்று வருகிறார்கள். நாட்டுச் சட்டப்படி ஆணுக்கு இருபத்தொன்றும் பெண்ணுக்குப் பதினெட்டும் நிறைந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், நடத்தி வைப்பவருக்கும் ஈராண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதியின்றிக் குரு நடத்தக் கூடாது என்று 1071-ஆம் எண்ணும் கூறுகிறது. இரண்டு மாதம்தானே குறைகிறது என்று மன்றாடுவோருக்கு நம் பதில்: இரண்டு மாதம்தானே, காத்திருங்கள்.

பதிவுக்கு வருவோம். எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006 பிப்ரவரியில் சீமா எதிர் அசுவனிகுமார் வழக்கில் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. அதையொட்டித் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. எந்தச் சமய மரபில் நடந்த திருமணமானாலும், தொண்ணூறு நாளுக்குள் உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் அறுபது நாள் தவணை உண்டு. பதிவு செய்யாததாலேயே நம் திருவருட்சாதனம் செல்லாததாகிவிடாது. அப்படி யாரும் அஞ்ச வேண்டாம். அதே உச்சநீதிமன்றம், பதிவு மட்டுமே திருமணம் ஆகிவிடாது என்றும் சொல்லியிருக்கிறது. 2024-இல் ஓர் இந்துத் திருமண வழக்கில், சடங்கே நடவாமல் வாங்கிய சான்றிதழ் வெறுந்தாள் என்று தீர்ப்பாயிற்று. சடங்கு நடந்தது, ஆனால் சான்றில்லை என்பது நம்மிடையே உள்ள மறுமுனைக் குறை.

இக்குறையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? முப்பது நாள் விடுப்பில் வளைகுடாவிலிருந்து வந்து, இருபதாம் நாள் தாலிகட்டி, முப்பதாம் நாள் விமானம் ஏறுகிற மாப்பிள்ளை அன்று. பின்னால் இருந்து விசாவுக்கு அலைகிறாளே, அந்தப் பெண். வெளிநாட்டுத் தூதரகம் அரசுச் சான்றைக் கேட்கும். அதன்மீது வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தையும் கேட்கும். பதிவுக்குக் கணவனும் ஒப்பமிட வேண்டும். அவன் கடலுக்கு அப்பால். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கடலோரத்தைச் சூறையாடியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் துயரை நாடே பார்த்தது. ஆழ்கடலில் காணாமற்போனவனின் மனைவி, முதலில் அவன் இறந்தான் என்று அரசை நம்பவைக்க வேண்டும். பிறகு தான் அவன் மனைவி என்பதைத் தாளில் காட்ட வேண்டும். உடலும் இல்லாமல் ஒப்பமும் இல்லாமல் நிற்கும் பெண்ணிடம் போய், 'கடவுள் இணைத்ததற்குக் காகிதம் எதற்கு' என்று யார் சொல்வார்?

பெயர்க் குழப்பம் தனிக் கதை. திருமுழுக்கு ஏட்டில் மரிய அந்தோணி. பள்ளிச் சான்றில் அனிஷ். ஆதாரில் தந்தையின் தலையெழுத்து முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். வீட்டில் கூப்பிடுவதோ மக்கு அல்லது பிள்ளே. கோவில் ஏட்டில் ஞானப்பெயரும் அரசுத் தாளில் வேறொரு பெயரும் இருந்தால், மணந்தவர் ஒருவர்தானா இருவரா என்று எழுத்தர் ஐயுறுவது நியாயமே. நிச்சயம் செய்யும் முன்னரே நான்கு தாள்களையும் ஒரு மேசையில் பரப்பிப் பார்த்தால் இது அரைமணி நேர வேலை. அதிலும் நம் மாவட்டத்தில் கோட்டாறு, குழித்துறை என்று இலத்தீன் மறைமாவட்டங்கள் இரண்டு. மார்த்தாண்டத்தில் மலங்கரை, தக்கலையில் சீரோ-மலபார். ஒரே தெருவில் மூன்று வழிபாட்டு முறை, எதிர்வீட்டில் தென்னிந்தியத் திருச்சபை. ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் ஒரு தாள் நடந்து வர நாளாகும். அழைப்பிதழ் அடித்த பிறகு அவசரப்படுத்தினால் தாளுக்குக் கால் முளைக்காது.

இன்னும் ஆபத்தான மயக்கம் ஒன்று. மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாதென்று அறிவித்தால், மறுமணத்துக்கு எல்லாக் கதவும் திறந்துவிட்டதாக நம் மக்கள் எண்ணுகிறார்கள். நீதிமன்றத்தின் பார்வையில் அக்கதவு மூடியே இருக்கிறது. மாலி ஜோசப் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இலேயே இதைத் தெளிவாக்கியது. திருச்சபைத் தீர்ப்புக்கு நாட்டுச் சட்டத்தில் ஏற்பு வேண்டுமென்று தொடுக்கப்பட்ட கிளாரன்ஸ் பாயஸ் வழக்கையும் 2017-இல் தள்ளுபடி செய்தது. 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி நீதிமன்ற ஆணையும் பெறாமல் மறுமணம் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவுப்படி அது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனினும் கொடுமை, இரண்டாவதாக வந்த பெண், பீடத்தின்முன் நின்று மணந்தும், சட்டத்தின் முன் மனைவி ஆகமாட்டாள். மறுபுறம், நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வந்தால், இங்கும் கதவு தானே திறக்காது. இரண்டு வாசல், இரண்டு சாவி. ஒரு சாவியால் இரண்டையும் திறக்கலாம் என்று யாரேனும், அவர் வழக்கறிஞரானாலும் குருவானாலும், சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின், தாள்களைக் கண்டு சலிக்கும் இளைஞர்களின் பக்கத்தில் உள்ள ஒரு நியாயத்தையும் சொல்லாவிட்டால் நாம் பேசியது பாதியே. சட்டம் கேட்பதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு; சட்டம் கேட்காததைக் கேட்க உரிமை இல்லை. சட்டத்தால் தடைசெய்யப்படாத எவரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்பது 1058-ஆம் எண். தடைகளைத் திருச்சபை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதியிருக்கிறது: வயது, முந்தைய மணப்பிணைப்பு, இரத்த உறவு என்று. அப்பட்டியலில் சாதி இல்லை. சாதி மாறி மணப்பவர்களின் ஓலைக்கு மட்டும் ஏதோ ஒரு சான்று எப்போதும் குறைகிறதென்றால், குறைவது சான்றன்று என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்பட்டியலில் கோவில் வரிப் பாக்கியும் இல்லை. பங்குப் பேரவைகளில் பொறுப்பு வகிக்கும் அன்பர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம். தந்தை பத்தாண்டு வரி கட்டவில்லை, திருவிழாத் தலைக்கட்டுத் தரவில்லை, ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துப் பேசினார் என்று மகளின் ஓலையை நிறுத்துவதும், மகனின் சான்றை நாளை நாளை என்று இழுப்பதும் நம் மாவட்டத்தில் பலரும் அறிந்த வழக்கம். பாக்கி நியாயமானதாக இருக்கலாம். கோவில் கட்டியவர்களின் வியர்வையை நாம் மறுக்கவில்லை. ஆனால் திருமணத்துக்குத் தடை விதிக்கும் அதிகாரத்தைத் திருச்சபை தன் உச்ச அதிகாரத்துக்கு மட்டுமே ஒதுக்கிக்கொண்டிருக்கிறது; ஆயருக்கே பொதுத்தடை ஒன்றை ஏற்படுத்தும் உரிமை கிடையாது. அதை ஓர் ஊரின் கணக்கர் எங்கிருந்து பெற்றார்? மூன்றாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை இரவு, அழைப்பிதழ் ஊரெல்லாம் போன பிறகு, வட்டிக்கு வாங்கிய பணத்தோடு பெண்ணின் தகப்பன் கணக்கர் வீட்டு வாசலில் நிற்கிறார். அவர் நீட்டுவதை நன்கொடை என்று ரசீதில் எழுதுகிறார்கள். 'வரி தீர்க்காதவர் வீட்டு ஓலை வாசிக்கப்படமாட்டாது' என்ற தீர்மானம் உங்கள் பேரவை ஏட்டில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதை முதற்பொருளாக வைத்து நீக்குங்கள். பாக்கியைத் தண்டப் பேரவைக்கு வேறு வழி தெரியும்.